தாராவிக் கடையில் பேசும் டாஸ்: பன்னிரண்டு வருட அனுபவம்

எங்கள் கடைக் கணக்கு இன்னமும் டாஸில்தான், விண்டோஸுக்கு முந்தைய அந்த எழுத்துத் திரை சிஸ்டத்தில்தான், ஓடுகிறது. தொண்ணூறுகளில் யாரோ ஃபாக்ஸ்புரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் எழுதிக் கொடுத்த பில்லிங் புரோகிராம். அதை மாற்றக் கடை முதலாளி அண்ணாச்சிக்கு மனசில்லை. எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. வேலை கேட்டுப் போன அன்று, "தம்பி, உன்னால இதுல பில்லு போட முடியுமா?" என்றார். "ஒரு வாரம் குடுங்க அண்ணாச்சி" என்றேன். பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது.

அந்த ஒரு வாரத்தில் என் கையில் இருந்தது டாஸுக்கான ஜாஸ். திரையில் இருப்பதைப் பேச்சாக வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் அது. கார் விபத்தில் பார்வையை இழந்த டெட் ஹென்டரின் நிறுவனம் 1989-ல் கொண்டுவந்தது. விண்டோஸ் ஜாஸின் விலை நமக்கு எட்டாது. டாஸ் பதிப்பைப் பிற்பாடு இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். சத்தத்துக்கு டபுள்டாக் எல்டி என்ற பேச்சுப் பெட்டி, பழையதாகக் கிடைத்தது. சீரியல் போர்ட்டில் மாட்ட வேண்டும். யுஎஸ்பி மாற்றி வாங்கி ஏமாறாதீர்கள், டாஸுக்கு அது தெரியாது. பல மதர்போர்டுகளில் இந்த சீரியல் போர்ட்டுக்கான (காம் போர்ட் என்பதும் அதுதான்) பின்கள் உள்ளேயே இருக்கும். மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லாமிங்டன் ரோட்டில் ஒரு பட்டைக் கேபிள் வாங்கி மாட்டினேன், வேலை முடிந்தது.

டாஸ் திரை என்பது 80 பத்தி, 25 வரி. மொத்தம் 2,000 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு பைட்: ஒன்று எழுத்து, இன்னொன்று நிறம். ஸ்கிரீன் ரீடர் அந்த மெமரியை நேராகப் படித்துவிடும். அதனால்தான் சாவியைத் தட்டிய கையோடு பேச்சு வருகிறது. எங்கள் பில்லில் சரக்கின் பெயர் 8-வது வரியில் தொடங்கும், மொத்தத் தொகை 22-வது வரியில். கண் உள்ளவர்களுக்கு மேஜை டிராயர் எப்படியோ அப்படித்தான் எனக்கு அந்த வரிகள். தேடாமல் கை போகும். இந்த நிம்மதி எனக்கு எந்த வெப்சைட்டிலும் கிடைத்ததில்லை.

சிக்கலும் அங்கேதான் இருந்தது. மெனுவில் அம்புக்குறியை அழுத்தினால் பெட்டி வாயே திறக்கவில்லை. கர்சர் நகரவில்லை, நிறம் மட்டும்தான் மாறுகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அந்த நிறத்தைப் பின்தொடரச் சொல்லி வைத்த பிறகு ஒவ்வொரு வரியாகச் சொல்ல ஆரம்பித்தது. அடுத்து மெமரி. டாஸ் புரோகிராம்களுக்கு உள்ள 640 கேபிக்குள் ஜாஸும் ஃபாக்ஸ்புரோவும் இடித்துக்கொண்டன. முடிந்ததையெல்லாம் லோட்ஹை என்ற டாஸ் கட்டளையால் அதற்கு மேலே உள்ள மெமரியில் ஏற்றினேன். ஊர்ப் பெயர்கள் தனிப் பாடு. தூத்துக்குடியை ஆங்கில உச்சரிப்பில் அது கடித்துத் துப்பும். ஜாஸின் உச்சரிப்பு அகராதியில் நானே எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டு, காது ஒப்பும்வரை சரிசெய்தேன். கிராஃபிக்ஸ் திரைக்குப் போனால் மட்டும் வழியே இல்லை, முழு மௌனம்.

ஒருமுறை கம்ப்யூட்டரைச் சர்வீஸுக்குக் கொடுத்தோம். அங்கிருந்தவர், கம்ப்யூட்டர் கிளம்பும்போது தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் ஃபைலில் ஜாஸ் வரியைப் பார்த்து, தேவையில்லாதது என்று அழித்துவிட்டார். இரண்டு நாள் நான் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. அன்றிலிருந்து அந்த ஃபைலின் நகல் ஒரு ஃப்ளாப்பியில், என் பையிலேயே இருக்கிறது.

வீட்டில் லினக்ஸ். அதில் டெபியன் என்ற வகை. அதன் இன்ஸ்டாலர் மெனு வந்ததும் ஒரு பீப் கேட்கும். 'எஸ்' தட்டி என்டர் அழுத்தினால் பேச ஆரம்பிக்கும். பார்வையுள்ள யாரையும் பக்கத்தில் உட்காரவைக்காமல் முழு சிஸ்டத்தையும் நானே போட்டேன். பேசுவது ஸ்பீக்கப் என்ற ஸ்கிரீன் ரீடர். அதை ஆரம்பித்த கிர்க் ரைசரும் பார்வையற்றவர்தான். அது லினக்ஸின் மையமான கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. பல வருடம் ஸ்டேஜிங் என்ற, இன்னும் சீராகாதவற்றுக்கான பகுதியில் கிடந்து 2020-ல்தான் முறையான இடத்துக்கு வந்தது. நம்பர் பேடில் 7 முந்தைய வரி, 8 இந்த வரி, 9 அடுத்த வரி. ஒரே நாளில் விரல் பழகிவிடும். என் டபுள்டாக் பெட்டியும் இதில் வேலை செய்கிறது. பெட்டி இல்லாதவர்களுக்கு, சவுண்ட் கார்டு வழியாகப் பேசும் ஈஸ்பீக் என்ற மென்பொருள் குரல் போதும். ஆனால் சவுண்ட் கார்டை அது பிடித்துக்கொண்டு டெஸ்க்டாப்புக்கான ஸ்கிரீன் ரீடரான ஒர்காவை ஊமையாக்குவது எனக்குப் பலமுறை நடந்திருக்கிறது.

தமிழ்தான் பெரிய குறை. லினக்ஸின் எழுத்துத் திரையான கன்சோலின் ஃபான்ட்டில் அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்கள்தான் அடங்கும். அதில் தமிழைக் காட்ட வழியில்லை. இதற்கு வழி ஈமாக்ஸ்பீக், ஈமாக்ஸ் என்ற எழுதும் மென்பொருளைப் பேசவைப்பது. நம் பம்பாய் ஐஐடியில் படித்த டி.வி.ராமன் 1995-ல் வெளியிட்டது. அது திரையைப் படிப்பதில்லை. ஈமாக்ஸுக்குள் இருக்கும் எழுத்தையே எடுத்துப் பேசுகிறது. ஈஸ்பீக்கின் தமிழ்க் குரலோடு சேர்த்துவிட்டால் போதும். குரல் மொட்டையாக இருக்கும், ஆனால் சொல் புரியும். போன தீபாவளிக்கு அம்மாவுக்குத் தமிழில் கடிதம் அடித்து, ஒற்று விட்டுப்போன மூன்று இடங்களைக் காதால் கேட்டே திருத்தினேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் ஸ்பீக்கப்பைப் போடுங்கள், செலவே கிடையாது. பழைய டாஸ் புரோகிராமில்தான் பிழைப்பு என்றால் மட்டும் ஜாஸும் பெட்டியும் தேடுங்கள். கிடைத்ததும் அகராதி ஃபைலையும் ஆட்டோஎக்ஸெக்கையும் நகலெடுத்து வையுங்கள்.