காரைக்குடியில் ஒரு நில ஆவண ஆலோசனை அலுவலகம்: என் அனுபவம்

கானாடுகாத்தான் பக்கத்தில் எங்கள் ஊர்க் கண்மாய்ப் பாசனத்தில் உள்ள பூர்வீக நஞ்சையை, அப்பச்சி (எங்கள் தந்தை) காலமான பிறகு உடன்பிறந்தோர் மூவரும் பாகம் பிரித்துக்கொள்வதற்காகக் காரைக்குடியில் உள்ள ஒரு வழக்குரைஞர் அலுவலகத்தை நாடினேன். வழக்குரைஞர்கள் தங்கள் தொழிலை விளம்பரப்படுத்துவதை பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை என்பதாலும், குறை ஒன்றையும் சொல்ல வேண்டியிருப்பதாலும் அலுவலகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. வழக்குரைஞர் ஒருவர், ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர், தட்டச்சு செய்யும் பெண் ஒருவர் என மூன்றே பேர் அங்கே இருக்கிறார்கள்.

முதல் நாள், இணையத்தில் எடுத்த பட்டா நகலை நீட்டினேன். வழக்குரைஞர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, உரிமைக்கு மூலமான பழைய பத்திரத்தை, அதாவது தாய்ப்பத்திரத்தைக் கேட்டார். பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு என்றும், அதை மட்டும் காட்டி உரிமையை நிலைநாட்ட முடியாது என்றும் நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருந்தும், பட்டா கையில் இருந்தால் போதும் என்ற எண்ணம் எங்கள் பக்கம் இன்னும் வலுவாக இருக்கிறது. எனக்கும் அந்த எண்ணந்தான் இருந்தது.

எங்களிடம் இருந்தது 1938-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைப் பத்திரம். ஜமீன் காலத்து ஆவணம் ஆகையால் அதில் பைமாஷ் எண் எனப்படும் பழைய நில அளவை எண்ணும், வடக்கே இன்னார் வயல், தெற்கே கண்மாய்க் கரை என்ற நான்கெல்லையும்தான் இருந்தன. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் நிலங்கள், உழவரே அரசுக்கு நேரடியாக வரி செலுத்தும் ரயத்துவாரி முறைக்கு வந்தபோது அவற்றுக்குப் புதிய சர்வே எண்கள் விழுந்தன. பிறகு 1979 முதல் 1987 வரை நடந்த, மக்கள் யு.டி.ஆர். என்று சொல்லும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகள் மாறின. ஏக்கரும் சென்ட்டும் ஹெக்டேரும் ஏர்ஸுமாக ஆயின. இந்த மூன்று கட்டங்களையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே அதற்குரிய ஆவணத்தின் பெயரைக் குறித்துக் கொடுத்தார்கள். இணையத்தில் கிடைத்த வில்லங்கச் சான்றோடு நிறுத்திக்கொள்ளாமல், அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கும் மனுப் போட்டுத் தேடினார்கள். நான் கொடுத்த கட்டணத்துக்கு இந்த ஒரு தாளே போதும் என்பேன்.

பத்திரத்தில் உள்ள பரப்பு 3 ஏக்கர் 18 சென்ட். பட்டாவில் இருந்ததோ 1 ஹெக்டேர் 13 ஏர்ஸ், அதாவது ஏறத்தாழ 2 ஏக்கர் 79 சென்ட். மீதி 39 சென்ட் யு.டி.ஆர். காலத்தில் பக்கத்து உட்பிரிவோடு சேர்ந்து, எங்களுக்குப் பங்காளி முறையாகும் பெரியவர் ஒருவரின் பெயரில் ஏறியிருந்தது. அவருக்கும் அது தெரியாது.

நில அளவையர், வயலின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்தார். மேற்கு வரப்பில் இருந்த எல்லைக் கல் உடனே கிடைத்துவிட்டது. கிழக்குக் கல் இருக்க வேண்டிய இடத்தைக் கருவேலம் புதர் மூடியிருந்தது. "ஆச்சி, அவசரப்பட வேண்டாம். கரைப் பக்கம் வெட்டிப் பார்த்துடுவோம்" என்று சொல்லி, ஆள் வைத்துப் புதரை வெட்டச் செய்து, சங்கிலி பிடித்து அளந்து, அடையாளம் வைத்த இடத்தில் முழ ஆழம் தோண்டச் சொன்னார். வேருக்கடியில் கல் சாய்ந்து கிடந்தது. அதன் தலையில் வெட்டியிருந்த குறியைத் துண்டால் துடைத்துப் பெரியவரிடம் காட்டியபோது, அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திடச் சம்மதித்தார். அந்தக் கடிதத்தை இணைத்துத் திருத்தம் கோரி மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனுச் செய்திருக்கிறோம், ஆணைக்காகக் காத்திருக்கிறோம்.

என் பங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு 1986-இல் திருமணம் ஆனது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989-இல் கொண்டுவந்த திருத்தம், அதற்கு முன்பே மணமாகியிருந்த பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை தரவில்லை. ஆகவே எனக்கு உரிமை இல்லை என்றே வீட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியதையும், அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியதையும் வழக்குரைஞர் என் அண்ணனை அழைத்து உட்காரவைத்து, பகை மூளாத விதத்தில் எடுத்துச் சொன்னார். அந்தத் திருத்தம் வரம்பாகக் குறிப்பிடும் 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினை எதுவும் எங்களுக்குள் நடந்திருக்கவில்லை என்பதையும் ஆவணங்களைப் பார்த்து உறுதிசெய்தார். அண்ணன் அதன்பின் மறுவார்த்தை பேசவில்லை. இதற்காக நான் அந்த அலுவலகத்துக்கு என்றும் நன்றியுடையவள்.

குறை என்று சொல்ல வேண்டியது, ஒருவர் தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக்கொடுக்கும் பொது அதிகார ஆவணத்தைக் (பவர் பத்திரம்) கையாண்ட விதத்தைத்தான். பினாங்கில் இருக்கும் தம்பி, அங்குள்ள நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டு எனக்கு அதிகார ஆவணம் அனுப்பினார். வெளிநாட்டில் எழுதப்பட்ட ஆவணத்துக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும் என்பது முத்திரைச் சட்டத்தின் விதி. வந்த வாரமே நான் ஒப்படைத்த ஆவணத்தைக் கோப்பில் வைத்து மறந்துவிட்டார்கள்; கெடு கடந்துவிட்டது. தம்பி விடுப்பு எடுத்து இரண்டாம் முறை நோட்டரியிடம் போக வேண்டியதாயிற்று. வழக்குரைஞர் மன்னிப்புக் கேட்டு, அந்தப் பகுதிக்குரிய கட்டணத்தை விட்டுக்கொடுத்தார் என்றாலும், வீட்டுக்கு ஒருவராவது கடல் கடந்து வாழும் செட்டிநாட்டில் தொழில் செய்யும் அலுவலகம் இதில் தவறியிருக்கக் கூடாது.

கட்டணம் எல்லாம் சேர்ந்து 14,000 ரூபாய் ஆனது. முன்கூட்டியே எழுத்தில் தரமாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும். பணம் கட்ட இயலாதவர்களை அவர்களே வட்ட சட்டப்பணிகள் குழுவுக்கு அனுப்பிவைப்பதைப் பார்த்தேன். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி பெண்களும், பட்டியல் இனத்தவரும், பழங்குடியினரும் வருமான வரம்பின்றி அங்கு இலவச உதவி பெறலாம்; தொலைபேசி எண் 15100. இந்த அலுவலகத்துக்குப் போகிறவர்கள் மூலப் பத்திரத்தை ஒப்படைத்தால் தேதியிட்ட ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு அதிகார ஆவணம் இருந்தால், வந்த நாளைக் காட்டுவதற்காக, அது வந்து சேர்ந்த உறையையும் பத்திரமாக வைத்திருங்கள்.