நாலில் மட்டும் ஓடும் ப்ளோயர்

சித்திரை, வைகாசியில் மதுரைக்குள் ஓடும் காரில் ப்ளோயர், அதாவது ஏசி காற்றைத் தள்ளும் விசிறியின் குமிழ் மூன்றுக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். அப்படி நாலைந்து கோடை உழைத்த சின்னக் காரில் ஒரு நாள் காற்று நின்றால், உடனே வரும் கேள்வி “ஏசி கேஸ் தீர்ந்துபோச்சா?” என்பதுதான். கேஸ் குறைந்தால் காற்று வரும், குளிர் இருக்காது. ப்ளோயர் சுற்றும் சத்தமே இல்லையென்றால் அது வயரிங் வேலை. கேஸ் ஏற்றிவிட்டுக் காசைத் தொலைக்க வேண்டாம்.

எந்த ஸ்பீடில் நின்றது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. 1, 2, 3 செத்து 4 மட்டும் ஓடினால் கோளாறு ரெசிஸ்டரில், அதாவது கரண்டைக் குறைத்து விசிறியின் வேகத்தைக் குறைக்கும் பாகத்தில். நாலாம் ஸ்பீடுக்கு ரெசிஸ்டர் வழியாகக் கரண்ட் போவதில்லை, அதனால்தான் அது மட்டும் பிழைத்திருக்கும். நாலு ஸ்பீடுமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே (கரண்டை இணைக்கும் மின் சுவிட்ச்), கப்ளர் (வயர்களைச் செருகும் பிளாஸ்டிக் இணைப்பு), அப்புறம் மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். ஃபியூஸ் பல கார்களில் 30 ஆம்பியர். சரியான அளவு பெட்டியின் மூடியிலேயே இருக்கும். அதைவிடப் பெரியதைப் போட்டால் ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும்.

மோட்டார் பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குக் கீழே, இடது பக்கம் இருக்கும். குமிழை நாலில் வைத்து, மோட்டாரை ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். தட்டியதும் ஓடினால் மோட்டாருக்குள் கரண்ட் கொண்டுபோகும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. இன்னும் சில நாள்தான் தாங்கும். அசையவே இல்லையா? மல்டிமீட்டரை மோட்டார் கப்ளரின் இரண்டு பின்னுக்கும் நடுவே வையுங்கள். மீட்டரின் ஒரு முனையைக் கார் பாடியில் எர்த்தாக வைத்து அளந்தால் ஏமாறலாம், பல கார்களில் சுவிட்சும் ரெசிஸ்டரும் எர்த் பக்கத்தில்தான் இருக்கின்றன. கப்ளரைக் கழற்றி அளப்பதும் தப்பு. கருகிப்போன ஒரு பின்னில் கூட லோடு இல்லாதபோது 12 வோல்ட் காட்டும், மோட்டார் சேர்ந்ததும் சரிந்துவிடும். செருகியபடியே பின்பக்கமாக மீட்டர் வயரின் முனையை நுழைத்து அளக்க வேண்டும். 12 வந்தும் சுற்றவில்லையென்றால் மோட்டார் போச்சு.

ரெசிஸ்டர் கப்ளரைக் கண்ணாலும் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் ஒரு பின்னைச் சுற்றி மட்டும் டீக்கறை போலப் பழுத்திருந்தால், புது ரெசிஸ்டரோடு கப்ளரையும் மாற்றியே ஆக வேண்டும்.

ரெசிஸ்டரை மாற்றி ஆறு மாதத்தில் திரும்பக் கருகுகிறதென்றால் குற்றம் ரெசிஸ்டர் மேல் இல்லை. அது காற்றுப் பாதைக்குள் நிற்பதே ப்ளோயர் காற்றில் சூடு ஆறத்தான். மேலூர்ப் பக்கம் குவாரி லாரிகளுக்குப் பின்னால் தினம் போகும் காரில் கேபின் ஃபில்டர் சாக்குத் துணியாகிவிடும். காற்று குறையும், ரெசிஸ்டர் வெந்து அதிலுள்ள வெப்ப ஃபியூஸ் அறுந்துபோகும். அந்த இடத்தை வயரால் பாலம் போட்டுக் கொடுக்கும் கடைகள் உண்டு. டேஷ்போர்டுக்குள் தீ வைப்பதற்குச் சமம் அது, ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது காரணம் மோட்டாரே. மோட்டார் தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்து இறுகினால் கூடுதல் கரண்ட் இழுக்கும். மூன்று ஸ்குரூவைக் கழற்றி மோட்டாரை இறக்கி, விசிறியைக் கையால் சுழற்றுங்கள். விட்டதும் சட்டென்று நின்றால் மோட்டாரையும் மாற்றுங்கள். வேப்பமரத்தடியில் நிற்கும் காரென்றால் விசிறிக் கூட்டில் காய்ந்த இலையும் பூவும் ஒரு கைப்பிடி தேறும். எலி வயரைக் கடித்திருக்கிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

நீண்ட நாள் ஓட்டத்தில், விலை குறைந்த லோக்கல் ரெசிஸ்டர் லாபமில்லை. கம்பெனிப் பாகமே மேல். ஃபில்டரை நகருக்குள் ஓட்டினால் வருஷத்துக்கு ஒன்று, மண்ரோட்டில் ஓட்டினால் ஆறு மாதத்துக்கு ஒன்று. ஆட்டோமேட்டிக் கிளைமேட் உள்ள கார்களில் இந்த ரெசிஸ்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் இருக்கும். அது போனால் நாலாம் ஸ்பீடு கூட மிஞ்சாமல் போகலாம், விலையும் கூட.

வழியில் ப்ளோயர் நின்றால் ஏசி பட்டனை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். காற்றில்லாமல் கம்ப்ரசர் ஓடினால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டும்.