ரிக்கி ஸ்காக்ஸின் ‘புளூகிராஸ் ரூல்ஸ்!’: மாண்டலின் பழகுவோர் கையில் இருக்க வேண்டிய இறுவட்டு

தவில் இல்லை, மிருதங்கம் இல்லை. தோற்கருவி ஒன்றுகூட இல்லாமல் இவ்வளவு இறுக்கமான தாளம் எங்கிருந்து வருகிறது? தட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்துக் காதுக்கு இந்த இறுவட்டு எழுப்பும் முதற் கேள்வி இதுதான். பதில் மாண்டலினில் இருக்கிறது. வாத்தியம் பழகுவோருக்கு இதை மனதாரப் பரிந்துரைப்பதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

1997 இல் வந்த தொகுப்பு இது. புளூகிராஸ் என்பது மின்சாரம் இல்லாத தந்தி வாத்தியங்களோடு பாடும் அமெரிக்க நாட்டுப்புற இசை. ஸ்காக்ஸ் தன் சொந்தப் பதிவு நிறுவனமான ஸ்காக்ஸ் ஃபாமிலி ரெக்கோர்ட்ஸைத் தொடங்கி வெளியிட்ட முதல் இறுவட்டு. அமெரிக்காவின் கென்டக்கியில், கோர்டெல் என்ற சிற்றூரில் 1954 இல் பிறந்தவர். ஐந்து வயதில் தகப்பன் வாங்கிக் கொடுத்த மாண்டலின் கைக்கு வந்தது. ஆறு வயதில், புளூகிராஸ் இசையின் தந்தை பில் மன்றோ பக்கத்து ஊருக்குக் கச்சேரி செய்ய வந்தபோது பையனை மேடைக்கு அழைத்து, தன் மாண்டலினையே கழுத்தில் மாட்டி வாசிக்க வைத்தார். பதின்ம வயதிலேயே ரால்ஃப் ஸ்டான்லியின் குழு, பிறகு ஜே.டி. குரோவின் குழு, அதன் பின் எமிலூ ஹாரிஸின் குழு. எண்பதுகளில் பெரிய கம்பனிகளின் ‘கன்ட்ரி’ இசை நட்சத்திரமாகி, 1985 இல் அந்தத் துறையின் ஆண்டுக்கான முதன்மைக் கலைஞர் விருதும் பெற்றார். 1996 செப்டெம்பரில் மன்றோ மறைந்தார். அடுத்த ஆண்டே ஸ்காக்ஸ் டிரம்ஸையும் மின்கித்தாரையும் விட்டுவிட்டு, பழைய மரவாத்தியங்களோடு இந்தப் பதிவைச் செய்தார். சிறந்த புளூகிராஸ் தொகுப்புக்கான கிராமி விருது இதற்குக் கிடைத்தது.

இனி அந்தத் தாளம். ‘தகதிமி’ என்று எண்ணிக்கொண்டு கேளுங்கள். ‘த’வும் ‘தி’யும் விழும் இடத்தில் டபிள் பேஸ் என்ற பெரிய, கீழ்ச்சுரத் தந்தி வாத்தியம் நிற்கும். ‘க’விலும் ‘மி’யிலும் மாண்டலின் ‘டக்’கென்று வெட்டும். இதைச் ‘சொப்’ என்பார்கள். ஜி கோர்டுக்கு (பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கும் கூட்டு) இடதுகை விரல்கள், தடித்த தந்தியிலிருந்து மெல்லியதை நோக்கி, 7, 5, 2, 3 ஆம் மெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே உள்ள கம்பிகள்) அமரும். திறந்த தந்தி ஒன்றும் இருக்கக்கூடாது. வலதுகை வீசி அடித்த அதே கணம் இடதுகை விரல்களைத் தளர்த்த வேண்டும். தூக்கக்கூடாது, தளர்த்தினால் போதும். பழகுபவர்களுக்குப் பிழைப்பது இந்த இடத்தில்தான். விரலை அழுத்தியபடியே வைத்திருந்தால் ஒலி நீண்டு, பாட்டுக்கு மேலே ஏறிவிடும். முழுக்கத் தூக்கினால் திறந்த தந்தி கிணுகிணுக்கும். தந்தியை மீட்டும் சில்லான பிளெக்ட்ரம் மெல்லியதாக இருந்தாலும் வெட்டு விழாது. 1 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்பு வேண்டும்.

இதைக் கைத்தொலைபேசி ஸ்பீக்கரில் கேட்டு மதிப்பிட வேண்டாம். டபிள் பேஸின் அடித்தந்தி 41 ஹேர்ட்ஸ். அவ்வளவு கீழே உள்ள ஒலியை அந்தச் சின்ன ஸ்பீக்கர் எடுக்காது. ‘த’வும் ‘தி’யும் காணாமல்போய், வெறும் ‘டக் டக்’ மட்டும் மிஞ்சும். புளூகிராஸ் வெறும் இரைச்சல் என்று சொல்பவர்களில் கனபேர் அப்படிக் கேட்டவர்களே. காதை மூடும் ஹெட்ஃபோன் அல்லது பழைய செட் ஒன்றின் பெரிய ஸ்பீக்கர் போதும்.

மாண்டலின் ஸ்ரீநிவாஸை வைத்து மட்டும் இந்த வாத்தியத்தை அறிந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. அவர் வாசித்தது ஒற்றைத் தந்திகள் ஐந்து பூட்டிய மின் மாண்டலின். தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க அதுதான் வசதி. ஸ்காக்ஸின் கையில் இருப்பது ஜோடி ஜோடியாக எட்டுத் தந்திகள் கொண்ட, மின்சாரம் இல்லாத வாத்தியம். ஜோடியை இழுத்தால் இரண்டு தந்தியும் ஒரே அளவில் ஏறாது, அபசுரம் வரும். ஆகவே கமகத்தை இங்கே தேட வேண்டாம். சுத்தமான தெறிப்பையும் வேகத்தையும் தேடுங்கள். சுருதியும் வேறு. கர்நாடக முறையில் வயலின் பழகியவர்கள் ச-ப-ச-ப என்று கூட்டிய கையோடு இறுவட்டுக்குக் கூட வாசிக்க முயன்றால் விரல் எங்கும் பொருந்தாது. மேலைச் சுரப்பெயர்களில் ஜி, டி, ஏ, ஈ என்று கூட்ட வேண்டும். ஏ தந்தி 440 ஹேர்ட்ஸ்.

தொகுப்பின் மணிமுடி ‘கெட் அப் ஜான்’. மன்றோவின் உருப்படி. இதற்கு ஜோடித் தந்திகளையே பிரித்துக் கூட்டுவார்கள். தடித்த ஜி ஜோடியில் ஒன்றை எஃப் ஷார்ப்புக்கு இறக்கி, மற்றதை ஏ-க்கு ஏற்றுவது. டி ஜோடியும் ஏ ஜோடியும் அப்படியே. ஈ ஜோடியில் ஒன்று டி-க்கு, மற்றது ஏ-க்கு இறங்கும். டி-யை ஷட்ஜமாக வைத்துப் பார்த்தால் சங்கதி விளங்கும்: எட்டுத் தந்தியிலும் ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மட்டுமே. வாத்தியம் தானே சுருதிப்பெட்டி ஆகிவிடுகிறது. இறங்கும் தந்திகளை முதலில் இறக்கி, ஏற்ற வேண்டியதைக் கடைசியில் மெல்ல ஏற்றுங்கள். துருப்பிடித்த தந்தி என்றால் ஏற்றும்போது அறும். நம் கரையோர உப்புக்காற்றுக்குத் தந்தி வெகு சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த பருத்தித்துணியால் அடியும் மேலும் துடைப்பது அவசியம். தந்தி மாற்றும்போது எட்டையும் ஒன்றாகக் கழற்ற வேண்டாம். தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரை ஒட்டப்படாதது, இடம் நகர்ந்துவிடும். நகர்ந்துவிட்டால் 12 ஆம் மெட்டில் அழுத்திய சுரத்தையும் அதே இடத்தில் விரலால் தொட்டெடுக்கும் மணியொலியையும் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறி ஒலித்தால் குதிரையை மெட்டுகளிலிருந்து சற்றுத் தள்ளி வைக்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. உருப்படிகளில் பல மன்றோ, ஸ்டான்லி சகோதரர்கள் காலத்துப் பழையவை; புதிய ஆக்கம் தேடுவோருக்கு ஏமாற்றம். வேகமும் மிகுதி. உச்சத்தில் பாடும் அந்தக் குரல் பழகாத காதைக் களைக்க வைக்கும். மூன்று மூன்று பாட்டாகக் கேட்பது நல்லது.

சொந்த நிறுவனம் என்பது சும்மா பெயர்ப்பலகை மாற்றம் அல்ல. பெரிய கம்பனியோடு ஒப்பந்தம் செய்தால் மூலப்பதிவு வழமையாகக் கம்பனிக்கே சொந்தம். பாடகருக்கு வருவது முற்பணம் கழிந்த பிறகான பங்கு. சொந்தமாக வெளியிட்டால் கலையகச் செலவும் அச்சுச் செலவும் தலையில் விழும், ஆனால் மூலப்பதிவு கையில் நிற்கும். ஸ்காக்ஸ் விநியோகத்தை மட்டும் ரவுண்டர் என்ற வேறொரு நிறுவனத்திடம் விட்டார். இணுவிலிலோ அளவெட்டியிலோ நாதஸ்வரப் பதிவு செய்யப் போகும் குழுக்கள் இந்தப் பிரிப்பைக் கவனிக்க வேண்டும். கலையகத்தை விட்டு வெளியேறும் முன் கலவை செய்யாத தனித்தனித் தடங்களைக் கேட்டு வாங்குங்கள். மூலப்பதிவு யாருடையது என்பதை எழுத்தில் வையுங்கள்.

இறுவட்டு இங்கே கடையில் கிடைப்பது அரிது. லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் உறவுகள் வழியாக எடுப்பதானால், தபாலில் பெட்டி உடையாமலிருக்க இறுவட்டைத் தனியே கடதாசி உறையில் இட்டு அனுப்பச் சொல்லுங்கள். தூசு படிந்தால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தோடு தடமாக ஓடும். அந்த இடத்தில் பாட்டுத் தட்டும்.