கோத்தகிரி பக்கம் மனை வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: கையில் கொடுக்கும் மண் பரிசோதனை அறிக்கை யாருடையது என்று பாருங்கள்

மலையில் இடம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக் கீழ்ப்பக்கத் தடுப்புச்சுவர் வயிறு தள்ளிவிட்டது. சமையலறைத் தரைக்கும் சுவருக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைகிறது.

ஆறு சென்ட், சரிவான இடம். மேல்பாதியை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பாதியில் கொட்டிச் சமமாக்கி விற்றார்கள். "சாயில் டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு சார், நீங்க தனியா செலவு பண்ண வேண்டாம்" என்று விற்றவர் பச்சை அட்டை போட்ட ஓர் அறிக்கையைக் கொடுத்தார். முத்திரை, கையெழுத்து, கடைசிப் பக்கத்தில் சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கும் என்று ஒரு வரி. நானும் வீடு கட்டிய மேஸ்திரியும் அந்த வரியை மட்டும்தான் படித்தோம்.

விரிசல் விட்டபிறகு கோவையிலிருந்து மண் பொறியாளர் ஒருவரை வரவழைத்தோம். அவர் முதலில் தேடியது போர் ஹோல் (மண்ணைச் சோதிக்கப் போடும் துளை) எங்கெங்கே போட்டார்கள் என்ற வரைபடத்தை. இரண்டே துளை. ஒன்று வெட்டிய மேல்பக்கம், இன்னொன்று பக்கத்து மனையில். மண் கொட்டிய பாதியில் ஒன்றுகூட இல்லை. அது கொட்டப்பட்டதே டெஸ்ட் முடிந்தபிறகு. எடுத்த மாதம் மார்ச். நிலத்தடி நீர் என்ற இடத்தில் "காணப்படவில்லை" என்று இருந்தது. எங்கள் பக்கம் பெருமழை அக்டோபர், நவம்பரில்தானே! எந்தக் கட்டடத்துக்கு என்ற இடத்தில் "தரைத்தளம் மட்டும்". நாங்கள் மாடியும் எடுத்துவிட்டோம்.

அவர் சமையலறை ஓரத்தில் புதிதாகத் துளை போட்டார். 63.5 கிலோ எடையை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் மண் தளர்வு என்று அர்த்தம். பழைய அறிக்கையில் 40க்கு மேல். எங்களுக்கு 4, 5 முறை அடித்ததுமே இறங்கியது. பக்கத்தில் நின்று நானே எண்ணினேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்ததைப் பார்த்த ஊர் இது.

அறிக்கை எழுதியவர்மேல் எனக்குக் கோபமில்லை. இந்த இடத்துக்கும் இந்தக் கட்டடத்துக்கும் மட்டுமே பொருந்தும், குழி தோண்டும்போது மண் வேறு மாதிரி இருந்தால் தெரிவிக்கவும் என்று அவர் தெளிவாகவே எழுதியிருக்கிறார். துளை போட்ட இடத்து மண்ணைத்தான் அவரால் சொல்ல முடியும். நடுவில் இருப்பதெல்லாம் கணிப்பு. இந்த மலை மண்ணுக்குள் புதைந்த உருண்டைப் பாறையில் கருவி முட்டினால் அடிப்பாறை என்றே தோன்றும். அதனால்தான் அஸ்திவாரக் குழியை அவரே வந்து பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுக்காக எடுக்காத அறிக்கையைத் தெரிந்தே என் தலையில் கட்டிய விற்பனைக்காரரைத்தான் நான் மன்னிக்க மாட்டேன்.

தடுப்புச்சுவரில் தண்ணீர் வெளியேற வைத்த மூன்று குழாய்களும் சிமென்ட் அடைத்துக் கிடந்தன. குத்தித் திறந்ததும் இரண்டு நாள் செம்மண் தண்ணீர் நிற்காமல் வந்தது.

இப்போது வாடகை வீட்டில் இருக்கிறோம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியாயிற்று. அதே வரிசையில் இன்னும் நான்கு மனை விற்கவில்லை. பச்சை அட்டை அறிக்கையை யாராவது உங்களிடம் நீட்டினால், முதலில் சர்வே எண்ணைப் பாருங்கள், அப்புறம் துளை போட்ட வரைபடத்தை.