நிர்பீக் ரிவால்வர்: நகைப்பெட்டியில் வந்த துப்பாக்கி பெண்ணைக் காக்குமா?

கான்பூர் பீல்டு கன் தொழிற்சாலை 2014 ஜனவரியில் நிர்பீக்கை வெளியிட்டது. பெண்களுக்கான துப்பாக்கி என்ற விளம்பரம், அரக்குச் சிவப்பு நகைப்பெட்டி, விலை 1,22,360 ரூபாய். டெல்லியில் நிர்பயாவுக்கு நேர்ந்த பாலியல் கொடுமை நடந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. நிர்பயா, நிர்பீக் இரண்டுக்கும் அச்சமற்றவர் என்றே பொருள். துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகப் போராடும் பினாலக்ஷ்மி நெப்ராம் போன்றவர்கள் அப்போதே எதிர்த்தார்கள்.

முதலில் கருவி. டைட்டானியம் கலந்த உடல், ஏறக்குறைய அரைக் கிலோ எடை, ஆறு தோட்டா. பழைய பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வர் மாதிரி நடுவில் மடியும். தாழ்ப்பாளைக் கட்டைவிரலால் தள்ளிக் குழலைச் சாய்த்தால், தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரின் நடுவிலுள்ள நட்சத்திரத் தகடு எழும்பி வெற்றுக் கூடுகளை மொத்தமாகத் தள்ளும். தயங்கித் தயங்கிச் சாய்த்தால் ஒரு கூடு தகட்டுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். பிறகு சிலிண்டர் மூடாது. ஒரே வீச்சில் முழுக்கச் சாய்த்து, பக்கவாட்டில் திருப்பிக் கொட்ட வேண்டும். பழையதாக வாங்குபவர் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குழலையும் பிடியையும் பற்றி ஆட்டிப் பார்க்கட்டும். கீல் 'கடகட' என்றால் வேண்டாம்.

இதற்கான தோட்டாவின் பெயர் .32 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெஸன்) லாங். 9 மி.மீ. தோட்டாவின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் 9 மி.மீ. நம் நாட்டில் பொதுமக்களுக்குத் தடை. .32 பிஸ்டல் தோட்டாவும் இந்தச் சிலிண்டருக்குள் நுழைந்துவிடும் என்பதுதான் ஆபத்து. அதன் அழுத்தம் கூடுதல். கீலும் தாழ்ப்பாளும் தளர்ந்துபோகும். கடையில் '.32' என்று மட்டும் கேட்காதீர்கள், முழுப்பெயரையும் சொல்லுங்கள்.

துப்பாக்கியின் பின்புறச் சுத்தியலை இழுத்து வைக்காமல் நேராக டிரிகரை அழுத்தினால், அதற்குத் தேவைப்படும் பலம் துப்பாக்கியின் எடையைப் போலப் பல மடங்கு. எடை குறைந்த கருவி என்பதால் குழல் கீழே சாய்ந்துவிடும். போலித் தோட்டா போட்டு நாள்தோறும் பழகாத கைக்கு ஐந்து மீட்டரிலேயே குறி தப்பும். தொழிற்சாலை சொன்ன தூரமோ 15 மீட்டர்.

இனி அந்த விளம்பரம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 38ஆம் பிரிவு, பாலியல் வன்முறையிலும் அமில வீச்சிலும் தாக்குபவர் உயிர் போகும் அளவுக்குக்கூடத் தற்காப்பை அனுமதிக்கிறது. உரிமை இருக்கிறது, நேரம் இல்லை. அமெரிக்கக் காவல் பயிற்சியாளர் டென்னிஸ் டூலர் 1983இல் கணக்கிட்டபடி, 21 அடி தூரத்தை ஓடிக் கடக்க ஒரு ஆளுக்கு ஒன்றரை விநாடி போதும். கைப்பையின் ஜிப்பைத் திறக்கவே அது பத்தாது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பட்டியல்களில் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவர். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர். அவர் வீட்டுக்குள் வரும்போது துப்பாக்கி பூட்டிய அலமாரியில் இருக்கும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். லட்ச ரூபாய்க்கு மேல் கொடுக்க முடிந்தவருக்கு மட்டுமே எட்டும் ஒன்றைப் பெண்களின் பாதுகாப்பு என்று அரசுத் தொழிற்சாலையே விற்றது பெரும் தவறு.

உயிருக்கு உண்மையான மிரட்டல் இருந்து லைசென்ஸ் பெற்றவர்கள், அதே நகரிலிருந்து 2023 ஆகஸ்டில் வந்த 'பிரபல்' ரிவால்வர் பக்கம் போகலாம். 700 கிராம் எடை கையில் நிற்கும். சிலிண்டர் பக்கவாட்டில் திறப்பதால் கீல் தளரும் கவலையும் இல்லை. தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியைக் காவல்துறையிடம் ஒப்படைக்கச் சொன்னால், எண்ணெய் தடவிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். திரும்பி வந்ததும் குழலுக்குள் வெளிச்சம் அடித்துத் துரு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே தோட்டா போடுங்கள்.