ஜென்டூ லினக்ஸ்: பைனரி தொகுப்புகளுக்குப் பின்

மென்பொருள் ஒவ்வொன்றையும் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்தே, அதாவது கணினி இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றியே, நிறுவ வேண்டும் என்பதுதான் 2002இல் முதல் பதிப்பு வெளிவந்த நாள்முதல் ஜென்டூ என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு இருந்த பெயர். பயர்பாக்ஸ், லிப்ரேஆபிஸ் போன்ற சில பெரிய மென்பொருள்களுக்கு மட்டுமே ஆயத்த வடிவம் கிடைத்துவந்த நிலை மாறி, 2023 டிசம்பர் இறுதியில் ஏஎம்டி64 (இன்டெல், ஏஎம்டியின் 64-பிட் சில்லுகள்), ஆர்ம்64 (64-பிட் ஆர்ம் சில்லுகள்) கணினிகளுக்கு 20 ஜிபிக்கும் அதிகமான, முன்பே கம்பைல் செய்த பைனரி தொகுப்புகளை ஜென்டூவே வழங்கத் தொடங்கியது.

இந்த ஏற்பாட்டின் அருமை, கம்பைல் செய்யும் உரிமையைப் பறிக்காமல் காத்திருப்பை மட்டும் குறைத்திருப்பதில்தான் இருக்கிறது. புளூடூத் வேண்டாம், அச்சுப்பொறி ஆதரவு வேண்டாம் என்று யூஸ் ஃபிளாக் எனப்படும் அமைப்புக் குறிகள் வழியாக நாம் சொல்லும் விருப்பங்கள் வழங்கியில் உள்ள தொகுப்போடு பொருந்தினால், ஜென்டூவின் தொகுப்பு மேலாளரான போர்ட்டேஜ் அதை அப்படியே இறக்கிக்கொள்கிறது. பொருந்தாவிட்டால் அந்த ஒன்றை மட்டும் மூலநிரலிலிருந்து கட்டுகிறது. நிறுவுமுன் திரையில் வரும் பட்டியலில் சில வரிகள் 'பைனரி' என்றும் சில 'ஈபில்டு' (மூலநிரலிலிருந்து கட்டப்படுவது) என்றும் தொடங்குவதால், எதற்கு நேரம் பிடிக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

கம்பைல் செய்தால் கணினி பறக்கும் என்ற பழைய வாதத்தை நான் ஏற்கவில்லை. அன்றாட மென்பொருள்கள் பெரும்பாலும் வட்டுக்கும் இணையத்துக்கும்தான் காத்திருக்கின்றன. மேலும், ஒரே நேரத்தில் பல தரவுகளைக் கையாளும் ஏவிஎக்ஸ்2 என்ற சில்லுக் கட்டளைகளைப் பயன்படுத்தும், எக்ஸ்86-64-வி3 எனப்படும் வகைத் தொகுப்புகளும் வழங்கியிலேயே உள்ளன. அவற்றைத் தேர்ந்தெடுக்குமுன் சில்லின் விவரத்தைப் பார்த்துவிடுவது அவசியம்: 2013இல் வந்த இன்டெல் ஹாஸ்வெல் கோர் வரிசையில் ஏவிஎக்ஸ்2 உண்டு, அதே தலைமுறைப் பென்டியம், செலரான் சில்லுகளில் இல்லை. மூலநிரலின் உண்மையான பயன் வேகமன்று. வேண்டாத வசதியையும் அது இழுத்துவரும் சார்புத் தொகுப்புகளையும் கணினிக்குள் விடாமலே இருக்க முடிவதுதான்.

குறைகளும் உண்டு. ஃபிளாக்குகளை நிறைய மாற்றியவர்களுக்குப் பைனரி பொருந்துவது அரிதாகிவிடும். அப்போது குரோமியம் போன்றவற்றைக் கம்பைல் செய்ய, ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு பணிக்கும் 2 ஜிபி நினைவகமாவது ஒதுக்க வேண்டியிருப்பதால், 8 ஜிபி கணினியில் நான்கு பணிகளுக்கு மேல் ஓட்டுவது உசிதமன்று. பிற வகைச் சில்லுகள் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படைத் தொகுப்புகள் மட்டுமே கிடைக்கின்றன.

புதிதாக நிறுவுவோர் வழக்கமான டெஸ்க்டாப் புரொஃபைலை (ஆயத்த அமைப்புகளின் தொகுப்பை) எடுத்து, பைனரியிலேயே தொடங்கி, தமக்கு மாற்றம் தேவைப்படும் தொகுப்புக்கு மட்டும் தனியே ஃபிளாக் எழுதுமாறு பரிந்துரைக்கிறேன்.