கத்திப்பாரா சிக்னலுக்கு எந்த மாஸ்க்? வண்டிப் புகைக்காக விற்கப்படுபவை பற்றி ஒரு மதிப்பீடு

கிண்டி, கத்திப்பாரா, ஜிஎஸ்டி ரோடு என்று தினமும் டூவீலரில் போய்வருகிறவர் புகைக்கு மாஸ்க் கேட்டால், மெடிக்கல் ஷாப்பில் எடுத்து நீட்டுவது நீல நிற மூன்றடுக்கு. ஆன்லைனில் தேடினால் முதலில் வந்து நிற்பது இரண்டு பிளாஸ்டிக் மூடி வைத்த கறுப்பு ‘பொல்யூஷன் மாஸ்க்’. இரண்டும் இந்த வேலைக்கு ஆகாது. வாங்க வேண்டியது என்95. அதிலும் காதில் மாட்டுவது வேண்டாம். தலையைச் சுற்றி இரண்டு எலாஸ்டிக் வருவதும், மூச்சை வெளியே விட வால்வு உள்ளதும் பாருங்கள். அதை வாங்கியும் பாதிப் பேர் கோட்டை விடுவது, மாஸ்க் முகத்தோடு ஒட்ட வேண்டிய ஓரத்தில்தான்.

முதலில் எதைத் தடுக்கப் போகிறோம் என்று பார்த்துவிடலாம். சாலையோரத்தில் கண்ணை உறுத்தும் மண் தூசியைப் பெரும்பாலும் மூக்கும் தொண்டையுமே பிடித்துவிடும், சளியோடு வெளியே வந்துவிடும். 2.5 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள் அப்படி நிற்காது. நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டால் அளவு புரியும். சைலன்சரிலிருந்து வருவதை எண்ணிக்கையில் கணக்கிட்டால் பெரும்பகுதி 0.1 மைக்ரானுக்கும் கீழே. அதில் கொஞ்சம் ரத்தத்திலேயே கலக்கிறது. அதனால்தான் வண்டிப் புகையை இருமல், சளியோடு நிறுத்த முடிவதில்லை. ரத்தக் குழாயின் உள்சுவர் அழற்சி, ரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம் வரை அது போகிறது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாகவே அறிவித்துவிட்டது.

‘இன்னைக்கு ஆப்ல பச்சைதான் காட்டுது’ என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிஎம் 2.5, அதாவது அந்த 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள், ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இருந்தால் இந்தியக் காற்றுத் தரக் குறியீடு ‘திருப்தி’ என்று சொல்லும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த 24 மணி நேர வரம்பு 15. அதாவது நம் திருப்தியின் உச்சம் அவர்கள் வரம்பைப் போல நான்கு மடங்கு. போதாததற்கு ஆப் காட்டுவது ஆலந்தூரிலோ வேளச்சேரியிலோ உள்ள கருவி அளந்த காற்று. நீங்கள் சுவாசிப்பது, முன்னால் நிற்கும் பஸ்ஸின் பின்பக்கத்துக் காற்று.

மாஸ்க்கால் உண்மையில் பலன் உண்டா? பெய்ஜிங்கில் இதய ரத்தக் குழாய் நோய் உள்ளவர்களை நகர வீதியில் இரண்டு மணி நேரம் நடக்கவிட்டுப் பார்த்தார்கள், ஒரு நாள் நல்ல மாஸ்க்கோடு, ஒரு நாள் இல்லாமல். மாஸ்க் போட்ட நாளில் ரத்த அழுத்தம் குறைவு, இசிஜி-யில் இதயத்துக்கு ரத்தம் போதாத அறிகுறியும் குறைவு. லண்டனில் ஆஸ்துமாக்காரர்களை அப்போது டீசல் பஸ்களும் டாக்சிகளும் மட்டும் ஓடிய ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டில் ஒரு முறை, ஹைடு பார்க்கில் ஒரு முறை நடக்கவிட்டபோது, தெருவில் நடந்த நாளில் நுரையீரல் மூச்சை ஊதி வெளியேற்றும் திறன் கூடுதலாகக் குறைந்தது. இரண்டு மணி நேரம்தான். சென்னையில் பலருக்குப் போக, வர ஆகும் நேரமே அதுதான்.

இப்போது கணக்கு. என்95 என்றால், நிமிடத்துக்கு 85 லிட்டர் காற்று இழுக்கும் சோதனையில், பிடிக்கக் கடினமான 0.3 மைக்ரான் அளவு உப்புத் துகளில் குறைந்தது 95 சதவீதத்தை அந்தத் துணி தடுத்தது என்று அர்த்தம். ‘துணி’ என்பதைக் கவனியுங்கள். மூச்சை இழுக்கும்போது காற்று தடை குறைந்த வழியைத் தேடும். கன்னத்தோரம் சந்து இருந்தால் துணியை ஏன் அது பார்க்கப் போகிறது? உள்ளே வரும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு சந்து வழியாக வந்தால் அந்த 20 சதவீதம் அப்படியே உள்ளே. மீதி 80-இல் 5 சதவீதம், அதாவது 4. ஆக 24 சதவீதத் துகள் உள்ளே வந்துவிட்டது. 95 என்று காசு கொடுத்து வாங்கியது 76 ஆகிறது. இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் கடையில் எந்த மாஸ்க்கையும் எடைபோடலாம்.

கர்ச்சீஃப், துப்பட்டா: மண் தூசிக்கும் வெயிலுக்கும் சரி. புகைத் துகளுக்கு நூலிடைவெளி கிணறு மாதிரி. இரண்டாக மடித்தாலும் நாலாக மடித்தாலும் பெரிய மாற்றமில்லை.

மூன்றடுக்கு மாஸ்க்: ஐந்து ரூபாய்க்குள் கிடைக்கும். நல்ல தயாரிப்பாக இருந்தால் நடு அடுக்கின் துணி மோசமில்லை. ஆனால் இது டாக்டரின் எச்சில் நோயாளி மேல் படாதிருக்கச் செய்தது. இரு கன்னத்திலும் விரல் நுழையும் சந்து. வண்டி ஓடும்போது எதிர்காற்று அதை இன்னும் விரிக்கும்.

கறுப்புப் ‘பொல்யூஷன் மாஸ்க்’: துவைக்கலாம், உள்ளே கார்பன் தாளை மாற்றிக்கொள்ளலாம் என்று விற்பார்கள். பையில் நுழைப்பது போலத் தாளை நுழைக்கிறோம். தாளின் ஓரத்தைச் சுற்றி எந்த அடைப்பும் இல்லை. அட்டையில் உள்ள 99 சதவீதம் அந்தத் தாளுக்கு மட்டும்தான். காற்று தாளைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. சிலவற்றில் அந்த இரண்டு வட்ட மூடிகளுக்குப் பின்னால், மூச்சை இழுக்கும்போது வழியை அடைக்க வேண்டிய ரப்பர் நாக்கே இருக்காது, வெறும் ஓட்டை. வாங்கும் முன் மூடியைத் திருகித் திறந்து பாருங்கள். கொடுக்கிற காசுக்கு இதைவிட ஏமாற்றம் வேறில்லை.

காதில் மாட்டும் கேஎன்95 (என்95-க்கு இணையான சீனத் தரம்): துணி நன்றாக இருக்கலாம், பிடிப்பு போதாது. காதின் இழுவிசையை வைத்து முகத்தில் அழுத்தி நிறுத்த முடியாது, இறுக்கினால் அரை மணியில் காது வலிக்கும். இதுதான் கையில் இருக்கிறது என்றால் இரு காது வளையத்தையும் பிடரிக்குப் பின்னால் இணைக்கும் சின்ன பிளாஸ்டிக் கொக்கி வாங்கிப் போடுங்கள். தேறும்.

தலை எலாஸ்டிக் என்95: 3எம் கம்பெனியின் 8210 போன்ற கிண்ண வடிவம் முகத்தில் நன்றாக உட்காரும். ஆனால் முழு ஹெல்மெட்டின் தாடைப் பகுதி அதை நசுக்கி மேலே தள்ளும். அரை ஹெல்மெட் போடுபவர்களுக்கு அது சரி. முழு ஹெல்மெட்டுக்கு மூன்று மடிப்பாகத் தட்டையாக வரும், அதே கம்பெனியின் ஆரா வகை பொருந்தும். பேசும்போதும் தாடையோடு சேர்ந்து அசையும். வால்வு வேண்டுமென்றால் கிண்ணத்தில் 8511, மடிப்பில் 9211 எண்ணைக் கேளுங்கள். கோவிட் காலத்தில் வால்வு வேண்டாம் என்றது நம் மூச்சு அடுத்தவர் மேல் படக்கூடாதென்று. புகைக்கு அந்தக் கவலை இல்லை. மே மாதச் சென்னையில் வால்வு இல்லாமல் மீனம்பாக்கம் தாண்டுவதற்குள் கழற்றிவிடுவீர்கள்.

போடும் முறையில்தான் சூட்சுமம். மேல் எலாஸ்டிக் உச்சந்தலைக்குப் பின்புறம், கீழ் எலாஸ்டிக் காதுக்குக் கீழே பிடரியில். இரண்டையும் குறுக்கே மாற்றிப் போட்டால் பக்கவாட்டில் மடிந்து சந்து விழும். கொண்டை போட்டவர்களுக்கு மேல் வார் கொண்டைக்கு மேலே நிற்க வேண்டும், கீழே இறங்கினால் இரண்டு வாரும் ஒரே இடத்தில் சேர்ந்து மூக்குப் பக்கம் தளரும். மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளாதீர்கள். நடுவில் கூர்மையாகி இருபுறமும் வாய் திறந்துவிடும். இரு கையின் ஆள்காட்டி விரல்களாலும் நடுவிலிருந்து கன்னம் வரை அழுத்திப் படிய வையுங்கள். பிறகு இரு உள்ளங்கையாலும் மூடிக்கொண்டு வேகமாக மூச்சை இழுங்கள். மாஸ்க் லேசாக உள்ளே குழிந்தால் சரி. கண்ணுக்குக் கீழே சிலுசிலுவென்று காற்றுப் பட்டால் கம்பி சரியில்லை. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிவதும் அதே புகார்தான். ஹெல்மெட் போட்ட பிறகு இன்னொரு தடவை இழுத்துப் பாருங்கள், கன்னப் பஞ்சு ஓரத்தைத் தூக்கியிருக்கும். தாடிக்கு மட்டும் எந்த வைத்தியமும் இல்லை. நாலு நாள் முள்தாடியே அடைப்பைக் கெடுத்துவிடும்.

எத்தனை நாள் வரும்? வெளிப்புறம் கறுத்துவிட்டது என்று தூக்கி எறிபவர்களும், கறுக்கவே இல்லை என்று மூன்று மாதம் போடுபவர்களும் நிறத்தை நம்பி ஏமாறுகிறார்கள். காற்றில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் துகள் இருக்கிறது, நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிறோம் என்று வைத்தால் மணிக்கு 1.2 கன மீட்டர், அதாவது 120 மைக்ரோகிராம். தினம் இரண்டு மணி, மாதம் 25 நாள் போட்டாலும் 6 மில்லிகிராம். சோதனைக்கூடத்தில் இந்த வடிகட்டி மேல் 200 மில்லிகிராம் வரை ஏற்றிப் பார்க்கிறார்கள். ஆகவே அழுக்கு அடைத்து மாஸ்க் சாவதில்லை. எலாஸ்டிக் தொய்வது, மூக்குக் கம்பி ஒடிவது, வியர்வையில் ஊறி ஓரம் நெளிவது, வால்வின் ரப்பர் நாக்கில் முடியோ மண்ணோ சிக்கித் திறந்தே கிடப்பது, இவைதான் அதைக் கொல்கின்றன. இழுத்துப் பார்க்கும் சோதனையில் தோற்ற அன்றே மாற்றுங்கள், பத்தாம் நாளோ முப்பதாம் நாளோ. இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டால் காயவும் நேரம் கிடைக்கும்.

துவைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் பாலிப்ரொப்பிலீன் இழைகளில் ஏற்றிய நிலைமின்னூட்டம்தான் நுண்துகளை இழுத்துப் பிடிக்கிறது. சோப்புத் தண்ணீரோ சானிடைசரோ பட்டால் அது போய்விடும். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், வேலை செய்யாது. சீட்டுக்கு அடியில் டிக்கியில் போட்டு வைப்பதும் வேண்டாம். வெயிலில் அந்தப் பெட்டி அடுப்பு. எலாஸ்டிக் சீக்கிரம் இளகும், பெட்ரோல் வாசனையும் ஏறும். காகிதக் கவரில் போட்டு ஆபீஸ் பையில் வையுங்கள்.

இவ்வளவு சரியாகப் போட்டாலும் வாயுக்களை என்95 தடுக்காது. நைட்ரஜன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, பென்சீன் எல்லாம் துணியைத் தாண்டி வரும். கார்பன் அடுக்கு சேர்த்த மாஸ்க்கில் பெட்ரோல் நாற்றம் குறையும். ஆனால் அந்தக் கொஞ்சம் கரித்தூள் கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. நாற்றம் வரவில்லை என்று பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டி நிற்பது இருக்கிறதே, அதுதான் கார்பன் மாஸ்க்கின் பக்கவிளைவு! சிக்னலில் ஒரு வண்டி இடம் விட்டு, சைலன்சர் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதற்கு மறுபக்கம் நிற்பது எந்த மாஸ்க்காலும் தர முடியாத பலன்.

டிராஃபிக் போலீஸ், ரோட்டோர மெக்கானிக், டோல்கேட்டில் உட்காருபவர் என்று எட்டு மணி நேரம் அதே காற்றில் நிற்பவர்களுக்கு ரப்பர் அரைமுக மாஸ்க் நியாயமான செலவு. 3எம் 6200 நடுத்தர அளவு, சிறிய முகத்துக்கு 6100. அதில் 2097 என்ற இளஞ்சிவப்பு வட்டு: பி100 (என்95-ஐவிட உயர்ந்த தரம்) வடிகட்டி, எண்ணெய்ப் புகைக்கும் தாங்கும், கரிம ஆவி நாற்றத்தையும் ஓரளவு குறைக்கும். முகப்பகுதியைக் கழுவலாம், வட்டைக் கழுவக் கூடாது. குறை என்றால் விசில் ஊத ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும், முழு ஹெல்மெட்டுக்குள் நுழையாது.

வாங்கும்போது பாரிமுனையில் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் கேட்பது நல்லது. அமெரிக்க என்95 என்றால் மாஸ்க் மேலேயே, அதற்குச் சான்று தரும் அமெரிக்க அரசு அமைப்பான நியோஷின் பெயரும் டிசி-84ஏ என்று தொடங்கும் எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். இந்தியத் தயாரிப்பில் ஐஎஸ் 9473 என்ற இந்தியத் தர எண்ணும், எஃப்எஃப்பி2 என்ற வகையும் பாருங்கள். அது 94 சதவீதம், நடைமுறையில் வித்தியாசமில்லை. காது வளையத்தோடு நியோஷ் முத்திரை என்றால் பெரும்பாலும் போலி. ‘குழந்தைகளுக்கான நியோஷ் என்95’ என்றால் சந்தேகமே வேண்டாம், போலிதான். குழந்தைகளுக்கு அவர்கள் சான்றே தருவதில்லை.

ஸ்கூட்டரின் முன்பலகையில் நிற்கும் பிள்ளையின் மூக்கு, முன்னே நிற்கும் காரின் சைலன்சருக்கு நம் மூக்கைவிடக் கிட்ட இருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் நம்மைவிட அதிகக் காற்றையும் இழுக்கிறது. அந்த முகத்துக்குப் பொருந்தும் நம்பகமான மாஸ்க் கிடைப்பது அரிது. மாஸ்க் தேடும் நேரத்தில் பள்ளிக்குப் போகும் வழியை மெயின் ரோட்டிலிருந்து உள்தெருவுக்கு மாற்றுங்கள், ஐந்து நிமிடம் கூடினாலும் சரி.